ஐம்பத்திரண்டு கிராம்

எடைமேடைக்காரர் முதன்முதலாக என் அறைக்கு வந்த அன்று அவருடைய அக்காதான் முன்னால் வந்தார். நோயாளியும் அக்காதான். கண் மஞ்சளாகிவிட்டது. வயிறு நீர் கோத்து முன்னே தள்ளியிருந்தது, கை இரண்டும் குச்சி. ஆனாலும் கதவைத் திறந்து பிடித்து, "உள்ள போடா, வழியில நிக்காத, உள்ள போ" என்று தொண்ணூற்றாறு கிலோ தம்பியை அறைக்குள் ஏற்றியவர் அவர்தான். இருபத்து மூன்று வருடம் பஸ்ஸில் கண்டக்டர். வாசலில் ஆள் நின்றால் நகர்த்த வேண்டும் என்பது மட்டும் அந்த உடம்புக்கு மறக்கவில்லை.

நான் அந்த மருத்துவமனையின் உணவுப் பிரிவில் சேர்ந்து அப்போது ஏழு மாதம். கதவில் என் பெயர், அதற்குப் பின்னால் என் பட்டம். எங்கள் குடும்பத்தில் பெயருக்குப் பின்னால் எதையாவது எழுதிக்கொண்ட முதல் ஆள் நான். அந்தப் பலகையைத் தொட்டுப் பார்ப்பதற்கென்றே அப்பா ஒருநாள் ஊரிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டுப் போனார். அறை சின்னது. ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர். அலமாரியில் ரப்பரில் செய்த பழம், மீன், ஒரு கரண்டி சோறு, எல்லாம் அளவு காட்டுவதற்கு.

அக்காவின் ஈரல் கெட்டுப்போயிருந்தது. ஒருவர் தன் ஈரலில் ஒரு பாதியைக் கொடுத்தால் பிழைக்க வைக்கலாம். கொடுத்தவருக்கு அது மறுபடி வளர்ந்துவிடும். ரத்த வகை ஒத்துப்போன ஒரே சொந்தம் இந்தத் தம்பி. இருவருக்கும் வேறு யாரும் கிடையாது. ஆனால் தம்பியின் ஈரலில் கொழுப்பு படிந்திருந்தது. அப்படியே வெட்டினால் கொடுப்பவருக்கும் ஆபத்து, வாங்குபவருக்கும் ஆபத்து என்று பெரிய டாக்டரம்மா சொல்லிவிட்டார். எட்டு வாரம் அவகாசம். கொழுப்பு இறங்க வேண்டும், தசை இறங்கக் கூடாது. அதற்குத்தான் என்னிடம் அனுப்பியிருந்தார்கள்.

"பாதிதானே கேக்கறோம்" என்றார் அக்கா நாற்காலியில் உட்கார்ந்தபடி. "அரை டிக்கெட்டு. அதுக்குப் போய் இவ்வளவு செக்கிங்கா?"

தம்பி சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாற்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. கல்குவாரிச் சாலையில் லாரிகளை நிறுத்தி எடை போடும் மேடை ஒன்றில் பதினைந்து வருடமாக வேலை. எங்கள் வார்டில் அவர் பெயரை யாரும் சொன்னதில்லை. எடைமேடைக்காரர் என்றால்தான் நர்ஸுகளுக்குத் தெரியும்.

சின்னத் தராசு ஒன்றைக் கொடுத்தேன். எதைச் சாப்பிட்டாலும் முதலில் தட்டோடு நிறுக்க வேண்டும், மீந்ததையும் நிறுக்க வேண்டும், நோட்டில் எழுத வேண்டும். இதை விளக்க மற்றவர்களுக்கு எனக்கு அரை மணி நேரம் ஆகும்.

"மொத்த எடை, காலி எடை. கழிச்சா சரக்கு எடை" என்றார் அவர். "அவ்வளவுதானே சார்?"

"அவ்வளவுதான். ஆனா எடை மட்டும் கணக்கு இல்ல. எது குறையுதுங்கறதுதான் கணக்கு. அதனால காலைல ரெண்டு முட்டை, மதியம் ரெண்டு முட்டை. சாயங்காலம் வேக வெச்ச கடலை ஒரு கிண்ணம். பசிச்சாலும் சரி, பசிக்காட்டியும் சரி."

"முட்டை நான் அவிச்சுக் குடுத்துடறேன் தம்பி" என்றார் அக்கா என்னிடம். "அந்த அளவுக்குத் தெம்பு இருக்கு. டேய், சாப்பாட்டு சார் சொன்னது கேட்டுச்சா? எழுதிக்க."

அன்றிலிருந்து அந்த வார்டில் நான் சாப்பாட்டு சார் ஆனேன்.

செவ்வாய்க்கிழமைதோறும் அவர் நோட்டோடு வந்தார். எடைமேடையில் வைத்திருக்கும் நீள நோட்டு. ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருப்பார். நேரம், பொருள், மொத்தம், காலி, நிகரம், கடைசியில் சின்னதாய் ஒரு கையெழுத்து. கீரை நூற்றுப்பத்து, சோறு தொண்ணூறு, முட்டை இரண்டும் தனித்தனி எடையோடு, கடலை எண்பது. அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. என்னிடம் வருகிறவர்கள் பொதுவாகத் தின்றதை மறைப்பார்கள். ஒரு பாட்டில் குளிர்பானத்தை ஒரு வாய் என்று எழுதுவார்கள். கல்யாண விருந்து நடந்த தேதியையே நோட்டிலிருந்து கிழித்துக்கொண்டு வந்தவரும் உண்டு. இவர் நோட்டில் அப்படி ஒரு ஓட்டையும் இல்லை. பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் 'மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதைப் படித்துவிட்டு அவர் நோட்டை மூடிய விதம் எனக்குத் தெரிந்ததுதான். பள்ளிக்கூடத்தில் நானும் அப்படித்தான் மூடுவேன்.

எடை இறங்கியது. தொண்ணூற்றாறு, தொண்ணூற்று மூன்று, தொண்ணூறு. நான் சொன்னதைவிட வேகம்.

"நடை கூடிப்போச்சா?"

"லாரி வராத நேரத்துல மேடையைச் சுத்திச் சுத்தி நடக்கறேன் சார்."

உடம்பில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் இயந்திரம் எங்களிடம் ஒன்றுதான் இருந்தது. இரண்டாவது வாரமே அது பழுதாகிவிட்டது. உதிரி பாகம் வர ஐந்து வாரமாகும் என்றார்கள். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. நோட்டு இருந்தது. நோட்டைப் பெரிய டாக்டரிடம் எடுத்துப்போய்க் காட்டினேன். "எல்லாரும் இப்படி எழுதினா நமக்கு வேலையே இல்ல" என்றார். அந்த ஒரு வரிக்காகவே மற்ற நோயாளிகளிடமும் அந்தப் பக்கத்தைக் காட்ட ஆரம்பித்தேன்.

எட்டாவது வாரம் எண்பத்திரண்டு கிலோ. சட்டை தோளில் தொங்கியது. அக்கா, தன் மஞ்சள் கண்ணால் அவரை மேலும் கீழும் பார்த்து, "போதும்டா, இதுக்கு மேல இளைச்சா உன்னையே நான் தூக்கிட்டுப் போகணும்" என்றார். பழுது பார்த்த இயந்திரத்தில் அவரை ஏற்றினோம். ஸ்கேன் எடுத்தோம். ரத்தம் எடுத்தோம்.

மறுநாள் பெரிய டாக்டர் என்னையும் அவரையும் ஒன்றாக அழைத்தார். குறைந்த பதினான்கு கிலோவில் பாதிக்குப் பாதி தசை. ரத்தத்தில் புரதம் அடிமட்டம். ஈரல் கொழுப்போ பத்து சதவீதத்துக்குக் கீழே வர வேண்டியது, இருபத்து நாலிலிருந்து பதினேழுக்கு மட்டும் வந்திருந்தது.

"இந்த உடம்புல கத்தி வெக்க முடியாது" என்றார். பிறகு நோட்டைப் புரட்டினார். "ஆனா நோட்டுல புரதம் நிறைய இருக்கே. எழுதினதெல்லாம் சாப்பிட்டீங்களா?"

எடைமேடைக்காரர் டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்தது.

நான் சொன்னேன்: "இவர் நோட்டு தப்பா இருக்காது மேடம். உடம்புதான் எடுத்துக்கல போல."

என்னை யாரும் கேட்கவில்லை. அந்த அறையில் வாய் திறக்க வேண்டிய ஆள் நானும் இல்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகத் தலையாட்டினார்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் என் அந்த வாக்கியத்திலிருந்து நடந்தது. நல்லபடி சாப்பிட்டும் தசை கரைகிறது என்றால் உள்ளே ஏதோ நோய் இருக்கிறது என்று பொருள். குடலில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். தைராய்டு பார்த்தார்கள். நுரையீரல் பார்த்தார்கள். ஒவ்வொரு முடிவுக்கும் மூன்று நாள், நான்கு நாள். எல்லாமே சுத்தம் என்று வந்தது. சுத்தம் என்று வர வர டாக்டர்களுக்குச் சந்தேகம் கூடியது. இப்படிப் பதினேழு நாள் போயிற்று.

அதற்குள் அக்காவை வார்டில் சேர்த்துவிட்டார்கள். இறந்தவர்களிடமிருந்து எடுக்கும் ஈரலுக்கான பட்டியலிலும் அவர் பெயர் இருந்தது, பட்டியல் நகரவில்லை. பதினேழாம் நாள் சாயங்காலம் நான் கட்டிலருகே போனபோது, தம்பி பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார். அக்காவுக்குக் குரல் இறங்கிப்போயிருந்தது.

"சாப்பாட்டு சார், ஒண்ணு கேக்கணும். ஒளிக்காம சொல்லணும்."

"கேளுங்கக்கா."

"முட்டை வேகலையோ?"

எனக்குப் புரியவில்லை.

"அடுப்புக்கிட்ட ரொம்ப நேரம் நிக்க முடியல தம்பி. காலு கடுக்கும். சில நாள் அரை வேக்காட்டுல இறக்கியிருப்பேன். அதான் அவன் உடம்புல ஒட்டலையோன்னு..." தம்பி பக்கம் திரும்பினார். "டேய், நீயாச்சும் சொல்லக் கூடாதா? நாலு நிமிஷம் சேர்த்து விட்டிருப்பேன்ல."

"நல்லாத்தான் இருந்துச்சுக்கா" என்றார் அவர்.

"இவன் ஒருத்தன். கல்லைக் குடுத்தாலும் நல்லா இருக்கும்பான்."

மறுநாள் காலை நான் அறையைத் திறக்க வந்தபோது அவர் கதவோரம் நின்றிருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நான் முட்டை தின்னல சார்."

"எப்ப?"

"ஒரு வாரம் தின்னேன். அப்புறம் தின்னல. கடலையும் தின்னல. மேனேஜருக்குப் போட்டேன்."

மேனேஜர் என்பது எடைமேடையில் படுத்துக் கிடக்கும் நாய். லாரிக்காரர்கள் வைத்த பெயர். அக்கா டப்பாவில் போட்டுத் தந்த முட்டைகளை அது ஏழு வாரம் தின்றிருக்கிறது. "மேனேஜருக்கு மினுமினுன்னு ஆயிடுச்சு, ஆபரேட்டரு எலும்பும் தோலுமா நிக்கறாரு, யாரு யாருக்கு வேலை பாக்கறாங்கன்னே தெரியலியே" என்று டிரைவர்கள் கேலி பேசியிருக்கிறார்கள்.

"ஏன்?" என்றேன்.

"ஏத்தாத சரக்கு எடை காட்டாது சார். பதினஞ்சு வருஷமா அதைத்தான் பாக்கறேன். முட்டையும் எடைதானே. அதையும் ஏத்தலன்னா எட்டு வாரத்தை அஞ்சு வாரமாக்கிடலாம், அக்காவுக்கு மூணு வாரம் மிச்சமாகும்னு நெனச்சேன்." அலமாரிப் பக்கம் திரும்பினார். "லாரிக்குள்ள மண்ணு இருக்கா, ஜல்லி இருக்கான்னு மேடைக்குத் தெரியாது சார். எனக்கும் தெரியல."

"அப்ப எதுக்கு எழுதினீங்க?"

"அக்கா தினம் சாயங்காலம் நோட்டை வாங்கிப் பாக்கும். கட்டம் காலியா இருந்தா விடுமா? அப்புறம் நீங்க. நல்லா இருக்குன்னு சிவப்புல எழுதிக் குடுத்தீங்க."

"மேடம் கேட்டாங்களே?"

அவர் ரப்பர் மீனைப் பார்த்தார். பிறகு, "சொல்லத்தான் வாயைத் திறந்தேன்" என்றார். என்னைக் குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. லாரி வந்த நேரத்தைச் சொல்வது போலச் சொன்னார். போகும்போது திரும்பி, "அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சார்" என்றார்.

பெரிய டாக்டரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை, நேரத்தைத்தான் பார்த்தார். நோய் எதுவும் இல்லை, ஒழுங்காகச் சாப்பிட்டால் நான்கு வாரத்தில் உடம்பு தயாராகும், இன்றைக்கே ஆரம்பியுங்கள் என்றார்.

அறைக்குத் திரும்பி நோட்டைத் திறந்தேன். முதல் வாரம்: தோலுரித்த முட்டை, நாற்பத்தொன்பது, ஐம்பத்து மூன்று, ஐம்பது, நாற்பத்தேழு. எட்டாம் நாளிலிருந்து ஐம்பத்திரண்டு. ஐம்பத்திரண்டு. ஐம்பத்திரண்டு. காலையில் இரண்டு, மதியம் இரண்டு, ஏழு வாரம், எல்லாம் ஐம்பத்திரண்டு கிராம். என் அம்மா கோழி வளர்த்தவர். ஒரே கோழி இன்று இட்டதும் நாளை இட்டதும் ஒரே எடை இருக்காது என்பது எழுத்துக் கூட்டத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் இந்த நோட்டை யார் கையில் கொடுத்திருந்தாலும் ஒரு நிமிடத்தில் சிரித்திருப்பார்கள். நான் பட்டம் வாங்கியவன். அந்த ஐம்பத்திரண்டுகளுக்கு நேர் கீழே, என் சிவப்பு மையில், 'மிக நன்று'.

அடுத்த ஒன்பது நாளும் அவர் என் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார். தொண்டையில் இறங்காமல் தண்ணீர் விட்டு விழுங்குவார். ஒன்பதாம் நாள் அக்காவுக்கு வயிற்று நீரில் கிருமி தொற்றியது. கட்டிலைச் சுற்றி நர்ஸுகள் நெருக்கியபோது கண்ணை மூடியபடியே, "இறங்கறவங்களுக்கு வழி விடும்மா" என்றார். ஒரு நர்ஸுக்குச் சிரிப்பு வந்து, பிறகு அழுகை வந்தது. மூன்றே கால் மணிக்கு எல்லாம் முடிந்தது. முட்டையைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை, தம்பியும் சொல்லவில்லை. தன் கையில்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டே அவர் போனார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை எடைமேடைக்காரர் நோட்டோடு வந்தார்.

ஃபைலை மூடியாயிற்று, வர வேண்டியதில்லை என்று சொல்ல எழுந்தேன். அவர் அதற்குள் தராசில் ஏறி நின்றுவிட்டார். நிறுத்தேன். எழுதிக்கொண்டார். அதன் பின் மாதம் ஒருமுறை வந்தார். நோட்டில் இப்போது அடித்தல்கள் இருந்தன. 'சாப்பிடவில்லை', 'பாதி', 'வாந்தி', 'தட்டோடு கொட்டினேன்' என்றெல்லாம் இருந்தது. ஒரு கிராம்கூடப் பொய் இல்லை.

ஒருநாள் மதியம் அவர் வேலை பார்க்கும் இடத்துக்கு நான் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சாலையோரம் தகரக் கூரை போட்ட அறை. கண்ணாடி முழுவதும் கல்தூசி. மேஜையில் சிவப்பு எண் காட்டும் பெட்டி. வெளியே இரும்பு மேடை வெயிலில் கிடந்தது. அதன் மேல் லாரி இல்லை, ஆள் இல்லை, நாய்கூட இல்லை. பெட்டி மட்டும் நாற்பது என்று காட்டியது.

"என்ன இது?" என்றேன்.

"நாப்பது கிலோ சார்."

"மேடை காலியா இருக்கே."

"அடியில கல்லு மாட்டியிருக்கும். இல்லன்னா தூசி அடைச்சிருக்கும். அடிக்கடி ஆகறதுதான். ஜீரோ பட்டனை அழுத்தினா போயிடும்." அவர் அழுத்தவில்லை. "கடைசியா வார்டுல அக்காவை நிறுத்தப்போ நாப்பத்தொண்ணு. நம்ம மேடை பத்துப் பத்தாத்தான் காட்டும். ஒண்ணைக் காட்டாது."

நான் எண்ணைப் பார்த்தேன். ஒருமுறை அணைந்து எரிந்தது. நாற்பது.

"கல்லுன்னு எனக்குத் தெரியும் சார். நான் பைத்தியம் இல்ல. ஆனா கை வரமாட்டேங்குது. லாரி வரட்டும், அப்ப அழுத்திக்கலாம்னு விட்டுடறேன். லாரி வந்தா, அழுத்தறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் டிரைவரை நிக்கச் சொல்லிடறேன்."

அன்று லாரி வர இருபது நிமிடம் ஆயிற்று. நானும் அந்தப் பட்டனை அழுத்தும்படி சொல்லவில்லை.

அக்கா போன எட்டாவது மாதம் அவரே கேட்டு, தன் செலவில் ஸ்கேன் எடுத்துக்கொண்டார். முடிவு என் மேஜைக்கு வந்தது. எழுபத்தொன்பது கிலோ. தசை முழுதாகத் திரும்பியிருந்தது. ரத்தம் சரி. ஈரல் கொழுப்பு ஆறு. பெரிய டாக்டர் கேட்ட எல்லாமே அந்தத் தாளில் இருந்தது.

அவர் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இப்ப எடுப்பாங்களா சார்?"

"யாருக்கு?"

"யாருக்காச்சும்."

"சொந்தத்துக்கு மட்டும்தான் அனுமதி. உங்களுக்குத் தெரியுமே."

தெரியும் என்பது போலத் தலையசைத்தார். "இந்தத் தாள் அன்னிக்கு வந்திருந்தா?"

"ஆபரேஷன் நடந்திருக்கும்."

"பொழைச்சிருக்குமா?"

"தெரியாது."

"நீங்க படிச்சவங்க சார். நூத்துக்கு எத்தனைன்னு ஒரு கணக்காச்சும் சொல்லுங்க. எழுபதுன்னா எழுபது. பத்துன்னா பத்து. நான் எழுதி வெச்சுக்கறேன்."

என்னிடம் அப்படி ஒரு கணக்கு இல்லை. அதற்குப் பதில் என்னிடம் இருந்ததைச் சொன்னேன். ஐம்பத்திரண்டைச் சொன்னேன். அம்மாவின் கோழிகளைச் சொன்னேன். இரண்டாவது வாரமே அது என் கண்ணில் பட்டிருக்க வேண்டும், படவில்லை என்றேன். டாக்டர் கேட்டது அவரை, பதில் சொன்னது நான் என்றேன். எட்டு மாதமாக அவர் முன்னால் உட்கார்ந்து இதைச் சொல்லாமல் அவரை நிறுத்துக்கொண்டிருந்தேன் என்றும் சொன்னேன்.

வெளியே ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. அவர் அது நிற்கும்வரை காத்திருந்தார்.

"அக்கா இருந்திருந்தா உங்களைச் சும்மா விட்டிருக்காது சார்."

"உங்களை?"

"என்னை முதல்ல."

தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எழுந்து, நாற்காலியை மேஜைக்கு உள்ளே தள்ளினார். பிறகு நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார்.

"அடுத்த மாசம் என்னிக்கு வரட்டும் சார்?"

இனி வர வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடம் அது. உடம்பு சரியாகிவிட்டது, வேலை முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போங்கள் என்று சொல்வதற்கு அதைவிட நல்ல நாள் கிடைக்காது. அவர் பேனாவைத் தாளில் ஊன்றியபடி நின்றார்.

நான் காலண்டரைப் பார்த்துத் தேதியைச் சொன்னேன்.